ரேடியோவுக்கு யார் சொல்வது

எங்கள் குடும்பத்தில் யார் கண்ணை மூடினாலும் முதலில் தெரிகிற இரண்டு பேரில் நான் ஒருத்தி. பெருமைக்காகச் சொல்லவில்லை. ஏற்பாடே அப்படி. செய்தி முதலில் அண்ணனுக்குப் போகும். அவன் நாலு இடத்தில் விசாரித்து, உண்மைதானா என்று உறுதிசெய்துகொண்டு எனக்குப் போன் செய்வான். நான் குடும்பக் குரூப்பில் வாய்ஸ் மெசேஜ் போடுவேன். அதற்கு முன்னால் குரூப்பில் ஒருத்தரும் மூச்சு விடக் கூடாது. கல்யாணம், பிள்ளைப்பேறு, வேலை கிடைத்தது எல்லாமே என் வாயால்தான் வரும் என்றாலும், அதிலெல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். சாவுச் செய்தியில் மட்டும் விதி ரொம்பக் கறார்.

அந்த விதி வந்ததற்குக் காரணம் எங்கள் பெரிய மாமா. அவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்த சமயம், எவனோ ஒரு முந்திரிக்கொட்டை குரூப்பில் 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று போட்டுவிட்டான். போட்டானோ இல்லையோ, ஆளாளுக்குக் கும்பிட்ட கைகளை அனுப்பினார்கள். என் சித்தப்பா மகன் வக்கீல், கோர்ட்டில் வாதாடுகிற மிதப்பில், பத்து வரிக்கு இரங்கல் கவிதையே எழுதிவிட்டான். கொஞ்ச நேரத்தில் மாமாவே பதில் போட்டார்: 'எல்லோருக்கும் நன்றி. நாளை டிஸ்சார்ஜ்.' அதற்கப்புறம் அவர் எத்தனையோ வருஷம் இருந்தார். வருகிறவர்களிடமெல்லாம், "என் கவிதைய படிச்சியா? உயிரோட இருக்கும்போதே படிக்கக் குடுத்து வச்சவன் நான்" என்று சொல்லிச் சொல்லி வக்கீலின் மானத்தை வாங்கினார்.

அன்றைக்கு அண்ணன் போட்டதுதான் சட்டம். "இனிமே எங்கிட்ட கேக்காம எவனும் எவனையும் சாகடிக்கக் கூடாது. நான் ரேடியோகிட்ட சொல்லுவேன். ரேடியோ சொன்னாத்தான் செய்தி."

ரேடியோ நான்தான். சின்ன வயதிலேயே அவன் வைத்த பெயர். வாயை மூட மாட்டேனாம்.

அண்ணன் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தான். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவன். காரில் ஏறியதும் அவன் சொல்கிற முதல் பாடம், "உக்காரு. ஒழுங்கா உக்காந்தப்புறம்தான் மத்ததெல்லாம்." எனக்குப் போன் செய்யும்போதும் அதே கதைதான். சாதாரண நாளில் எடுத்த எடுப்பில் "என்ன ரேடியோ, சாப்பிட்டியா?" என்பான். கெட்ட செய்தி என்றால் "உக்காரு" என்று ஆரம்பிப்பான். உட்கார்ந்தேன் என்று சொன்ன பிறகுதான் "சாப்பிட்டியா?" சாப்பிடவில்லை என்றால் போனை வைத்துவிடுவான். அப்பா போன அன்றைக்கு நான் அவசர அவசரமாக நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்ட பிறகுதான் சொன்னான். எனக்கு அப்போது அவன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் அன்று முழுக்க நிற்கத் தெம்பு இருந்தது என்றால் அது அந்த நாலு வாய்ச் சோறால்தான்.

நான் வேலை பார்ப்பது ஒரு பெரிய லாண்டரியில். ஓட்டல்களிலிருந்து படுக்கை விரிப்புகளும் துண்டுகளும் மூட்டை மூட்டையாக வரும். துவைத்து, சூடான உருளை மெஷினில் விட்டு எடுத்தால், ஒரு முனையில் ஈரமாகப் போன விரிப்பு மறுமுனையில் பப்படம் மாதிரி வரும். அதை இரண்டு பேர் பிடித்து மடிக்க வேண்டும். அந்த மடிப்புப் பக்கத்துக்கு நான் மேற்பார்வை. கவனம் சிதறினால் விரலைச் சுட்டுவிடும் என்பதால் போன்களையெல்லாம் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

அன்று காலை லாக்கரைப் பூட்டப் போகிற சமயத்தில் தங்கை கூப்பிட்டாள். அவள் மகளுக்குப் பிரசவம். "அக்கா, பொண்ணு! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. அண்ணன்கிட்ட சொல்லிட்டு நீ குரூப்ல போட்டுடு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணன், நான், தங்கை மூன்று பேருக்கும் இதுதான் முதல் பேத்தி. அண்ணனுக்கு உடனே அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. யாருக்காவது ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொண்டிருப்பான், அந்த நேரத்தில் கடவுளே கூப்பிட்டாலும் எடுக்க மாட்டான் என்று நினைத்துக்கொண்டேன். "எடுக்காத போ, நீதான் கடைசியா தெரிஞ்சுக்கப் போற" என்று மூடியிருந்த போனிடம் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

மத்தியானம் வந்து லாக்கரைத் திறந்தால் போன் முழுக்கத் தவறிய அழைப்புகள். வக்கீல், தங்கை வீட்டுக்காரர், அண்ணியின் தம்பி, அத்தை மகள், இன்னும் யார் யாரோ. அண்ணன் மட்டும் இல்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தங்கை வீட்டுக்காரருக்கு வாயில் எதுவும் தங்காது. மனுஷன் ஊரெல்லாம் ஊதிவிட்டார், எல்லாரும் என்னிடம் உறுதிசெய்துகொள்ளக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். திருப்பிக் கூப்பிட்டு ஒவ்வொருத்தருக்காகச் சொல்வதா? போடு குரூப்பில்.

சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, பின்னால் மெஷின் சத்தத்தோடு, பொத்தானை அமுக்கிப் பேசினேன்.

"எல்லாரும் கேட்டுக்கங்க, நம்ம வீட்டுச் செய்தி! யாரும் எனக்கு முன்னாடி சொல்லியிருந்தா வாயில சூடு வைப்பேன். தங்கச்சி மகளுக்குப் பொண்ணு பொறந்தாச்சு! அண்ணா, எங்க இருக்க? காலைல இருந்து போன எடுக்காம எங்க ஒளிஞ்சிருக்க? நீ தாத்தா ஆயிட்டய்யா! இனிமே தலைக்கு சாயம் அடிச்சு ஊர ஏமாத்த முடியாது. அண்ணி, அந்த சாய டப்பாவ எடுத்து வெளிய போடுங்க. இன்னியோட கிழவன் ஆட்டம் க்ளோஸ்!"

சிரித்துச் சிரித்துத்தான் பேசினேன். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். அனுப்பிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

வழக்கமாக என் மெசேஜ் போன மறு நிமிஷம் பூவும் இதயமும் வந்து குவியும். ஒன்றும் வரவில்லை. கேட்டுவிட்டார்கள் என்பது மட்டும் தெரிந்தது. ஒருத்தர், இன்னொருத்தர், இன்னொருத்தர். எல்லாரும் கேட்டாயிற்று, ஒரு பூ இல்லை. என்ன இவர்கள், பெண் குழந்தை என்றதும் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டார்களா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நன்றாக நாலு கேட்க வேண்டும் என்று இன்னொரு மெசேஜுக்கு வாயைத் திறக்கும்போது வக்கீல் கூப்பிட்டான்.

"அக்கா, உனக்கு என்ன ஆச்சு?"

"எனக்கு என்னடா ஆச்சு? உங்களுக்கெல்லாம் என்ன ஆச்சு? ஒரு வாழ்த்து சொல்ல வாய் வரல?"

"வாழ்த்தா? இந்த நேரத்துலயா? இங்க ஹால் முழுக்க ஆளுங்க இருக்காங்க. ரேடியோ பேசியிருக்கான்னதும், நீ அண்ணன பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லியிருப்பேன்னு அண்ணி சத்தமா வைக்கச் சொன்னாங்க. எல்லாரும் எழுந்து நின்னாங்கக்கா. பாத்தா, நீ சாயம் கீயம்னு சிரிக்கிற!"

"எந்த அண்ணன பத்தி?"

அவன் பின்னால் யாரோ அழுகிற சத்தம் கேட்டது. ஒருத்தர் இல்லை, நிறையப் பேர்.

"டேய், எந்த அண்ணன்?"

"அக்கா..." அவன் குரல் மாறியது. "உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாதா. அந்தக் கேள்வியை எத்தனையோ பேரிடம் நான் கேட்டிருக்கிறேன். என்னிடம் யாரும் கேட்டதில்லை.

வக்கீலுக்கு நாக்குக் குழறியது. அவனிடமிருந்து பிய்த்துப் பிய்த்து வாங்கினேன். காலையில் முதல் வகுப்பு. ஒரு பெண், வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வந்து சில நாள்தான் ஆகிறது. அண்ணன் பக்கத்து சீட்டில். "சார், இங்க திருப்பட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். பதில் இல்லை. திரும்பிப் பார்த்தால் தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருக்கிறது. அந்தப் பெண் அலறவில்லை, வண்டியை நிறுத்தவில்லை. நேராக ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓட்டிக்கொண்டு போயிருக்கிறாள். வழியில் ஒரு தடவைகூட எஞ்சின் அணைந்து வண்டி நின்று போகவில்லையாம். ஆனால் அண்ணன் அதற்கு முன்னாலேயே போய்விட்டான்.

"எனக்கு ஏன்டா யாரும் சொல்லல?"

"நான் கூப்பிட்டேன், நீ எடுக்கல. நீதான் எல்லாருக்கும் சொல்லிட்டு இருப்பே, லைன் கிடைக்காதுன்னு நெனச்சோம். உனக்குத் தெரியாம எங்களுக்குத் தெரியுமா? எல்லாரும் அப்படித்தான்க்கா நெனச்சிருக்காங்க. நீ இன்னும் குரூப்ல போடலியேன்னு மத்தவங்களும் போடாம காத்திட்டு இருக்காங்க."

சட்டம் போட்டது அண்ணன். கடைசி வரை ஒருத்தர்கூட அதை மீறவில்லை.

"நாலு மணிக்கு எடுக்கறாங்கக்கா. மயானத்துல குடுத்த நேரம் அது, தள்ளிப் போட முடியாதாம். நீ வந்துட்டு இருக்கேன்னுல்ல நெனச்சோம்!"

போனை வைத்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? டப்பாவை மூடினேன். கையைக் கழுவினேன். உள்ளே போய், மெஷினிலிருந்து வந்த விரிப்பின் ஒரு முனையைப் பிடித்தேன். எதிரில் நின்ற பெண் மறுமுனையைப் பிடித்தாள். மடித்தோம். அடுத்ததையும் மடித்தோம். "அக்கா, உங்க முகம் ஏன் இப்படி இருக்கு?" என்று அவள் கேட்டாள். "எங்கண்ணன் செத்துட்டான்" என்றேன், மழை வருகிறது என்று சொல்வது போல. அவள் கையிலிருந்த முனையை விட்டுவிட்டாள். விரிப்பு தரையில் விழுந்தது. "என்ன பண்ற, மறுபடி துவைக்கணும்!" என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

அப்புறம் யார் யாரோ ஓடிவந்தார்கள். மேனேஜர் என் பையை அவரே எடுத்துவந்து கொடுத்தார். அண்ணன் ஊர் வழியாகப் போகிற லாண்டரி வேன் ஒன்று கிளம்பத் தயாராக இருந்தது. என்னை அதில் முன்சீட்டில் ஏற்றிவிட்டார்கள். பின்னால் அடுக்கடுக்காக வெள்ளை விரிப்புகள். திரும்பிப் பார்த்தவள் உடனே முன்னால் திரும்பிக்கொண்டேன்.

வேன் ஓட்டுகிறவர் எப்போதும் தொணதொணவென்று பேசுகிற மனுஷன். அன்று ஹாரனை மட்டும் அடித்துக்கொண்டே ஓட்டினார். எனக்கு அழுகை வரவில்லை. வர வேண்டும் என்று நினைத்துக்கூடப் பார்த்தேன். அந்த மெசேஜ் மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அவனைக் கிடத்தியிருக்கிற ஹாலில், அவன் பெண்டாட்டி பிள்ளை நிற்க, வந்தவர்களெல்லாம் எழுந்து நிற்க, 'இன்னியோட கிழவன் ஆட்டம் க்ளோஸ்' என்று என் குரல் சிரித்திருக்கிறது. பாவி, பாவி. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. போனை எடுத்து அந்த மெசேஜை எல்லாருக்கும் சேர்த்து அழித்தேன். அழித்ததாக ஒரு வரி மட்டும் அங்கே நின்றது. அது இன்னும் அசிங்கமாக இருந்தது.

அண்ணிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. அண்ணியும் நானும் சண்டை போட்டதில்லை. சண்டை போட அவள் பேசினால்தானே? வாயில்லாப் பூச்சி என்று நானே எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறேன். குரூப்பில் இருக்கிறாள் என்று பெயர், ஒரு எழுத்துப் போட்டதில்லை. இன்றைக்கு அவள் என்னைப் பற்றி என்ன நினைப்பாள்? இனி அந்த வாசப்படியை நான் எப்படி மிதிப்பேன்?

அண்ணன் மகன்தான் திருப்பிக் கூப்பிட்டான்.

"அத்தை, எங்க வந்துட்டு இருக்கீங்க?"

"வந்துட்டே இருக்கேன்யா. எடுத்துடாதீங்கய்யா. முகத்த ஒரு தடவ பாத்துடறேன். உங்க அம்மாகிட்ட சொல்லு, நான் தெரியாமத்தான்..."

"அத்தை, அந்த மெசேஜ ஏன் அழிச்சீங்க? அம்மா இன்னொரு தடவ கேக்கணும்னாங்க."

எதற்கு? என்னை நிற்க வைத்துக் கேட்பதற்கா? அதற்குள் அங்கே யாரோ அவனைக் கூப்பிட, போன் நின்றுவிட்டது.

வண்டியிலிருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு போனேன். பாதி வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. வேன்காரர் இறங்கிப் போய் கேட்காரரிடம் கையைக் காலைப் பிடித்தார். ரயிலை யார் சீக்கிரம் வரச் சொல்ல முடியும்? ஒரு சரக்கு ரயில், பெட்டி பெட்டியாக, முடிவே இல்லாமல் போனது. அதைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். அண்ணன் இருந்திருந்தால், "கேட்ல நிக்கும்போது ஹேண்ட் பிரேக் போடு" என்று வேன்காரருக்குப் பாடம் எடுத்திருப்பான். அந்த நினைப்பு வந்ததும் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு, எனக்கு நிஜமாகவே பைத்தியம் பிடித்துவிட்டதா என்று பயந்தேன்.

அண்ணன் தெருவுக்குள் வேன் திரும்பும்போது நாலு தாண்டி வெகுநேரம் ஆகியிருந்தது. தெருமுனையிலேயே நான் பார்த்தது அமரர் ஊர்தியின் பின்பக்கம். கதவுகள் திறந்து கிடந்தன. உள்ளே ஒன்றுமில்லை. கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். வேன்காரர்தான் கையைப் பிடித்து இறக்கினார்.

வாசலில் வக்கீல் நின்றிருந்தான். என் முகத்தைப் பார்க்க மாட்டாமல் சொன்னான். "உள்ள போக்கா. இன்னும் எடுக்கல."

"நாலு மணின்னியேடா!"

"அண்ணி விடல. உன் மெசேஜ கேட்டுட்டு நாங்கல்லாம் உனக்கு அதிர்ச்சியில புத்தி பிசகிடுச்சுன்னு நெனச்சோம். அண்ணி மட்டும்தான், 'அவ குரல்லயே தெரியுது, அவளுக்கு யாருமே சொல்லல'ன்னாங்க. அவ வராம எடுக்கக் கூடாதுன்னு வாசப்படில குறுக்க உக்காந்துட்டாங்க. பெரியவங்க சத்தம் போட்டாங்க, வண்டிக்காரன் சத்தம் போட்டான். மயானத்துக்குப் போன் மேல போன் போட்டு வேற நேரம் வாங்கற வரைக்கும் எழுந்திருக்கவே இல்ல. அண்ணி அப்படிப் பேசி நான் பாத்ததே இல்லக்கா."

உள்ளே போனேன். ஹாலில் இருந்தவர்கள் விலகி வழி விட்டார்கள். நடுவில் அவன் கால்கள் தெரிந்தன. நான் பாய்ந்து போகப் பார்த்தேன். அண்ணி குறுக்கே வந்து என் தோளைப் பிடித்தாள்.

"உக்காரு."

"முகத்த பாக்கணும் அண்ணி. என்ன மன்னிச்சிடுங்க, நான் தெரியாம..."

"பாக்கலாம். முதல்ல உக்காரு."

பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை அவளே இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தேன். அவள் எனக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"சாப்பிட்டியா?"

டப்பாவை மூடியது ஞாபகம் வந்தது. இல்லை என்று தலையாட்டினேன். அவள் மகனைப் பார்த்தாள். அவன் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தான். அண்ணி அதை என் வாயில் வைத்து, முழுதும் குடிக்கிற வரை பிடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்கண்ணன் காலைல போயிட்டாரும்மா" என்றாள். "வலி ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுன்னு டாக்டர் சொன்னாரு. உனக்கு நான்தான் சொல்லியிருக்கணும். உனக்கு எப்பவும் அவர்தான் சொல்லுவாரு. இன்னிக்கு அவர் இல்லங்கறது எனக்கே தோணாமப் போச்சு."

அப்போதுதான் எனக்கு வந்தது. வேனில் வராதது, வக்கீல் சொன்னபோது வராதது, எல்லாம் சேர்ந்து வந்தது. அண்ணி மடியில் விழுந்து கத்தினேன். மத்தியானமே கேட்ட செய்திதான். ஆனால் என் அண்ணன் செத்துப்போனதை முறையாக எனக்குச் சொன்னது அவள்தான்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அண்ணி என்னை நிமிர்த்தி முகத்தைத் துடைத்துவிட்டாள். "குரூப்ல நான் சொல்லிக்கறேன். நீ இன்னிக்கு ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றாள். அப்புறம், "ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. குழந்தை பொறந்தத அவர் காதோரமா வச்சு இன்னொரு தடவ கேக்க வைக்கலாம்னு பாத்தேன். நீ அழிச்சிட்டே. நீயே சொல்லிடு" என்றாள்.

அவன் பக்கத்தில் மண்டி போட்டேன். தூங்குகிறவன் முகம்தான். குனிந்து, காதுக்கிட்ட வாயை வைத்தேன்.

"அண்ணா, தங்கச்சி மகளுக்குப் பொண்ணு பொறந்திருக்கு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. நீ தாத்தா ஆயிட்ட."

மெசேஜில் அடுத்து வந்தது எனக்கு ஞாபகம் இருந்தது. அவன் தலைமுடி கன்னங்கரேலென்று இருந்தது. காதுக்குப் பின்னால் தோலில் கொஞ்சம் சாயம் ஒட்டியிருந்தது.

"நேத்துதான் அடிச்சாரு" என்றாள் அண்ணி. "குழந்தைய பாக்கப் போகணும்னு."

முந்தானையை எச்சில் தொட்டுத் துடைத்துப் பார்த்தேன். போகவில்லை.